பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் பொருத்த எந்த வழி: கதவுக் கப்ளரின் பின்களைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு

கீழ்நிலை வேரியன்ட் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியவர், கையால் சுற்றும் கண்ணாடியையும் நான்கு கதவுகளையும் தனித்தனியாகப் பூட்டும் வேலையையும் மாற்ற நினைத்து ஆக்சஸரீஸ் கடைக்குப் போனால், அங்கே அவருக்கு மூன்று வழிகள் சொல்லப்படும். முதலாவது, எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் யுனிவர்சல் கிட். இதில் மோட்டார், கதவுப் பூட்டை இயக்கும் ஆக்சுவேட்டர், சுவிட்ச், கட்டுப்பாட்டு மாட்யூல், வயர்க்கட்டு எல்லாம் ஒரே பெட்டியில் வரும்; ஆனால் காரின் வயரிங்கோடு இணைப்பது ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் கைவேலை. இரண்டாவது, குறிப்பிட்ட மாடலுக்கென்றே கப்ளருடன், அதாவது வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் கூட்டுடன், வரும் கிட். எந்த வயரையும் வெட்டாமல் செருகினால் போதும் என்பது இதன் கவர்ச்சி. மூன்றாவது, அதே மாடலின் மேல்நிலை வேரியன்ட்டில் இருக்கும் கம்பெனிப் பாகங்களைப் புதிதாகவோ, சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்தோ வாங்கி மாட்டுவது.

மூன்றுக்கும் விலை சொல்லப்படும், விலையை வைத்தே பெரும்பாலும் முடிவும் எடுக்கப்படும். ஆனால் இந்த முடிவை உண்மையில் தீர்மானிக்க வேண்டியது கிட்டின் விலை அல்ல. அந்தக் காரின் கதவுக் கப்ளரில் இருக்கும் ஒவ்வொரு பின்னிலும் (வயரின் உலோக முனையிலும்) ஓடுவது மோட்டாருக்கான முழு மின்னோட்டமா, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான சைகையா, அல்லது டேட்டாவா என்பதுதான். இதற்கு விடை தெரியாமல் வாங்கிய விலை உயர்ந்த கிட்டும் ஃபியூஸை எரிக்கும். விடை தெரிந்து, நல்ல வயரில் பொருத்திய எளிய கிட் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

முதல் வகையான பழைய, எளிய கார்களில் கண்ணாடி மோட்டாரின் மின்னோட்டம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போகிறது. மோட்டாருக்கு இரண்டே வயர்கள். அவற்றில் நேர் முனையையும் எர்த்தையும் (பேட்டரியின் எதிர் முனை சேர்ந்திருக்கும் கார் பாடியையும்) இடம் மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையில் சுற்றும். சுவிட்சைத் தொடாத நிலையில் இரண்டு வயர்களும் எர்த்தில் நிற்கும். மேலே ஏற்ற அழுத்தினால் ஒன்று மட்டும் எர்த்தை விட்டு 12 வோல்ட்டுக்குப் போகும், கீழே இறக்க அழுத்தினால் மற்றொன்று போகும். பக்கத்து இருக்கையின் சுவிட்சுக்கு வரும் எர்த் நேராக பாடியிலிருந்து வருவதில்லை; டிரைவர் கதவில் உள்ள மெயின் சுவிட்சின் உள்ளே புகுந்துதான் வருகிறது. இதனால்தான் டிரைவர் பக்கக் கப்ளரைக் கழற்றிவிட்டால் எதிர்ப்பக்கக் கண்ணாடியும் நின்றுவிடுகிறது. இதை அறியாமல் எதிர்ப்பக்க மோட்டார் பழுதென்று மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த தலைமுறையில் சுவிட்சுகள், குறிப்பாகப் பூட்டு சுவிட்சுகள், சைகையை மட்டுமே அனுப்புகின்றன. டிரைவர் கதவின் சுவிட்ச் ஒரு மெல்லிய வயரை ஒரு கணம் எர்த் செய்கிறது, அதை பி.சி.எம். எனப்படும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் உணர்ந்து, தன்னுள் இருக்கும் ரிலேக்களின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகளின்) மூலம் நான்கு கதவுகளின் ஆக்சுவேட்டர்களையும் இயக்குகிறது. அதற்கும் அடுத்த தலைமுறையில் கதவுக்குள்ளேயே ஒரு சிறிய மாட்யூல் இருக்கும், பி.சி.எம்.மோடு அது லின் அல்லது கேன் வழியே பேசும். லின் என்பது ஒற்றை வயரில் நொடிக்கு அதிகபட்சம் 20 கிலோபிட் வேகத்தில் ஓடும் தொடர்பு. கேன் என்பது முறுக்கிய இரட்டை வயரில் ஓடுவது. சில கார்களில் இவ்விரண்டும் இல்லாமல், ஒரே வயரில் வெவ்வேறு ரெசிஸ்டர்களை இணைத்து, ஏறு, இறங்கு, ஆட்டோ என்ற கட்டளைகளை வோல்டேஜ் வேறுபாட்டால் பிரித்தறியும் சுவிட்சும் உண்டு. இத்தகைய வயரில் 12 வோல்ட்டை நேராகக் கொடுப்பது பி.சி.எம்.மின் உள்ளீட்டைக் கெடுக்கக்கூடும்.

உங்கள் கார் எந்த வகை என்பதைக் கண்டறிய வயரிங் படம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் ஒரு மல்டிமீட்டர் போதும். சுவிட்ச் பேனலை நெம்பி எடுத்தவுடன் வயர்களின் பருமனைப் பாருங்கள். மோட்டார் மின்னோட்டம் ஓடும் வயர்கள் 2 சதுர மில்லிமீட்டர் அளவில் தடித்திருக்கும். சைகை வயர்கள் அரை சதுர மில்லிமீட்டர் அளவில் மெலிந்திருக்கும். சுவிட்சில் எல்லாமே மெல்லிய வயர்கள் என்றால் அது முதல் வகைக் கார் அல்ல என்று அப்போதே முடிவு செய்யலாம்.

முன்பக்கத்துக்கு மட்டும் பவர் விண்டோ வந்துள்ள காரில் பின்பக்கத்துக்கும் சேர்க்க நினைப்பவர், ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பக்க சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, வயர்க்கட்டின் பக்கத்தை அளந்தால் ஐந்து பின்களின் வேலையும் படமில்லாமலே தெரிந்துவிடும். சாவி அணைந்த நிலையில் ஓம் அளவீட்டில், இரண்டு பின்கள் பாடியோடு கிட்டத்தட்ட சுழி ஓம் காட்டும். இவை மெயின் சுவிட்ச் வழியாக வரும் எர்த். வேறு இரண்டு பின்கள் தமக்குள் ஓரிரு ஓம் காட்டும், ஆனால் பாடியோடு தொடர்பு காட்டாது; இவை மோட்டாருக்குப் போகும் வயர்கள். சாவியைப் போட்டு வோல்ட் அளவீட்டுக்கு மாற்றினால் மீதமுள்ள ஐந்தாவது பின்னில் 12 வோல்ட் நிற்கும். இப்போது ஒருவர் டிரைவர் பக்க மெயின் சுவிட்சை அழுத்த, முதலில் எர்த் காட்டிய இரண்டில் ஒன்று 12 வோல்ட்டுக்கு எழும். எது ஏற்றுவதற்கு, எது இறக்குவதற்கு என்பதும் அதிலேயே விளங்கிவிடும். விளக்கு சுவிட்சுக்குள் எரிவதற்கான ஆறாவது பின் சில கார்களில் இருக்கும். பார்க் லைட்டைப் போட்டால் அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இந்த அளவீட்டின்போது பின் எண்களைக் குறித்துக்கொள்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கப்ளரை வயர் நுழையும் பின்புறத்திலிருந்து பார்த்தால் ஒரு வரிசையும், செருகும் முகப்பிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் தெரியும் கையைப் போல இடம் வலம் மாறிய வரிசையும் கிடைக்கும். ஆண் கப்ளரும் பெண் கப்ளரும் இதே வகையில் மாறியிருக்கும். வயரிங் படத்தில் எந்தப் பக்கத்துப் பார்வை வரையப்பட்டிருக்கிறது என்பதையும், படத்தில் பூட்டுக்கொக்கி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையும் முதலில் உறுதி செய்யாமல் எண்களை நம்பக் கூடாது. கப்ளரின் பிளாஸ்டிக்கிலேயே மூலைப் பின்களின் எண்கள் மிகச் சிறிதாக அச்சிடப்பட்டிருப்பதுண்டு. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் பிழைக்கு இடமிருக்காது. அளவீட்டு ஊசியைப் பெண் பின்னின் வாய்க்குள் அழுத்திச் செருகினால் அது விரிந்து, பின்னாளில் தொடர்பு தளரும். ஆகவே கப்ளரின் பின்புறத்திலிருந்து மெல்லிய ஊசியை வயரையொட்டி நுழைத்து அளப்பதே முறை.

பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் முதல் வகைக் காருக்குப் பரவாயில்லை. பி.சி.எம். இருக்கும் காரில் அதைத் தொடவே வேண்டாம். பல்பு இழுக்கும் மின்னோட்டம் சைகை வயருக்கு உரியதல்ல. மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறையோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் சுற்று. அதில் மல்டிமீட்டரையும் வைக்கக் கூடாது.

இனி யுனிவர்சல் கிட்டைப் பார்ப்போம். சென்ட்ரல் லாக் கிட் ஒன்றைத் திறந்தால் ஐந்து வயர் ஆக்சுவேட்டர் ஒன்றோ இரண்டோ, மீதி இரண்டு வயர் ஆக்சுவேட்டர்களாக இருக்கும். இரண்டு வயர் என்பது வெறும் மோட்டார்; ஐந்து வயரில் மோட்டாரோடு, கதவு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று சொல்லும் ஒரு சுவிட்சும் சேர்ந்திருக்கும். பெரும்பாலான கிட்களில் நீலமும் பச்சையும் மோட்டாருக்கு, வெள்ளை, பழுப்பு, கறுப்பு மூன்றும் சுவிட்சுக்கு. ஆனால் நிறத்தை மட்டும் நம்புவது தேவையில்லாத துணிச்சல். ஆக்சுவேட்டரின் தண்டைக் கையால் வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும், தொடர்ச்சி அளவீட்டில் பார்த்தால், பொது வயர் ஒரு நிலையில் ஒன்றோடும் மறு நிலையில் மற்றொன்றோடும் சேர்வது உடனே தெரியும். பொருத்தியபின் மூன்று கதவுகள் பூட்டும்போது ஒன்று மட்டும் திறந்தால், அந்தக் கதவின் இரண்டு மோட்டார் வயர்களை இடம் மாற்றினால் போதும். மாட்யூலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ரிமோட் மாட்யூலில் இரண்டு ரிலேக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் பொது முனை, வழக்கமாக மூடிய முனை, வழக்கமாகத் திறந்த முனை என மூன்று வயர்கள் வெளியே வரும். ஆக மொத்தம் ஆறு. இந்த ஆறு வயர்களைக் காரின் வகைக்கேற்ப மூன்று விதமாக இணைக்கலாம் என்பதில்தான் இந்தக் கிட்டின் பலமும் ஆபத்தும் சேர்ந்திருக்கின்றன. கார் எர்த் சைகையை எதிர்பார்த்தால், பொது முனைகளை எர்த்திலும் திறந்த முனைகளைப் பூட்டு, திறப்பு சைகை வயர்களிலும் இணைத்து, மூடிய முனைகளை இன்சுலேட் செய்து விட்டுவிடலாம். 12 வோல்ட் சைகையை எதிர்பார்த்தால் பொது முனைகளுக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட். மாட்யூலே ஆக்சுவேட்டர்களை நேராக இயக்க வேண்டுமானால் பொது முனைகள் மோட்டார் வயர்களுக்கு, மூடிய முனைகள் எர்த்துக்கு, திறந்த முனைகள் 12 வோல்ட்டுக்கு. எர்த் சைகைக் காரில் 12 வோல்ட் இணைப்பைக் கொடுத்தால், ரிமோட்டும் கதவு சுவிட்சும் ஒரே நேரத்தில் இயங்கும் முதல் தடவையே நேரடி ஷார்ட் ஆகும்.

இதைவிட அதிகம் நிகழ்வது வேறொன்று. கம்பெனி சென்ட்ரல் லாக் ஏற்கெனவே இருக்கும் காரில், ரிமோட்டுக்காக வாங்கிய மாட்யூலின் வெளியீட்டை ஆக்சுவேட்டர் வயர்களில் இணையாக முறுக்கிவிடுகிறார்கள். கம்பெனி ரிலே ஓய்வில் இரண்டு வயர்களையும் எர்த்தில் பிடித்துக்கொண்டிருக்கும். அதே வயருக்குப் புது மாட்யூல் 12 வோல்ட் கொடுக்கும்போது மின்னோட்டம் மோட்டாரைச் சுற்றிப் போகாமல் நேராக கம்பெனி ரிலேயின் எர்த்துக்குப் பாயும். ஃபியூஸ் போவது நல்ல முடிவு; தடித்த ஃபியூஸ் போட்டுவிட்டால் பி.சி.எம்.மின் உள்ளே இருக்கும் செம்புத்தடம் போகும். சென்ட்ரல் லாக் இருந்து ரிமோட் மட்டும் இல்லாதவருக்குத் தேவை இரண்டு சைகை வயர்கள்தான்; புதிய ஆக்சுவேட்டர் எதுவும் வேண்டாம். அந்த இரண்டு வயர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் எலெக்ட்ரீஷியனின் கூலி, கிட்டின் விலையைவிடக் கூடுதலானாலும் நியாயமே.

யுனிவர்சல் பவர் விண்டோ கிட்டில் கவனம் வைக்க வேண்டிய இடம் வயரின் பருமன். கண்ணாடி மோட்டார் ஓடும்போது சுமார் 5 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். கண்ணாடி மேலே முட்டி நிற்கும்போது 20 ஆம்பியரைத் தொடுவதுண்டு. பேட்டரியிலிருந்து கதவுக்குப் போக 5 மீட்டர், திரும்ப எர்த்துக்கு 5 மீட்டர் என்று 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால், அதன் மின்தடை 0.175 ஓம், 10 ஆம்பியரில் 1.75 வோல்ட் வழியிலேயே வீணாகும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.7 வோல்ட்டில் நின்றுவிடும். பல கிட்களில் வரும் வயர் மெல்லியது. கண்ணாடி மெதுவாக ஏறுகிறது, மோட்டாருக்கு வலு இல்லை என்ற புகாருக்குக் காரணம் பல சமயம் மோட்டார் அல்ல. கிட்டின் வயர்க்கட்டை ஒதுக்கிவிட்டு நல்ல ஆட்டோ வயரைத் தனியாக வாங்கிப் போடச் சொல்வதில் செலவு சிறிது, பலன் பெரிது.

மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். அதனால் பேட்டரி நேர் முனையின் அருகிலேயே தனி ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். கண்ணாடிக்கு அப்படியல்ல. சாவியை எடுத்தபின்னும் கண்ணாடி இயங்கினால், உள்ளே விட்டுச்சென்ற குழந்தை சுவிட்சை மிதித்தாலே போதும். ஆகவே டி.ஐ.என். 72552 என்ற ஜெர்மன் தர எண்களின்படி அமைந்த வழக்கமான ரிலே ஒன்றில், 86-க்கு இக்னிஷன் வயர், 85-க்கு எர்த், 30-க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-லிருந்து சுவிட்சுகளுக்கு என்று இணைக்க வேண்டும். 87ஏ என்பது ரிலே ஓய்விலிருக்கும்போது 30-உடன் சேர்ந்திருக்கும் முனை. அதில் தவறுதலாக இணைத்தால் சாவி இல்லாதபோது மட்டும் கண்ணாடி ஏறும். சிகரெட் லைட்டர் வயரிலோ ஸ்டீரியோ வயரிலோ ஒட்டுப் போட்டு மின்சாரம் எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள்.

யுனிவர்சல் கிட் கெட்ட பெயர் வாங்குவது கதவுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள ஒரு சாண் இடைவெளியில். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வயர் அங்கே மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் சால்டர் வைத்த ஒட்டு இருந்தால், ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கி, ஒட்டின் ஓரத்தில் ஒடியச் செய்யும். கம்பெனி ரப்பர் பூட் (வயரை மூடும் குழாய் உறை) இருந்தும் நேரமாகும் என்று அதைத் தவிர்த்து, பில்லரில் (கதவு மாட்டியிருக்கும் தூணில்) புதிதாக ஓட்டை போட்டு, குரோமெட் எனும் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை இழுத்தால், தகட்டின் விளிம்பு இன்சுலேஷனை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒட்டுகளெல்லாம் இந்த ரப்பர் உறையைத் தாண்டி கேபினுக்குள் வர வேண்டும். கிரிம்ப் செய்து (உலோக முனையை நசுக்கி இறுக்கி), பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் உறை) போட வேண்டும். முறுக்கிச் சுற்றிய டேப்பின் பசை வெயிலில் உருகி வழுவிவிடும். கதவின் உட்புறம் மழையில் நனையும் இடம் என்பதையும் பலர் நினைப்பதில்லை. கண்ணாடி பீடிங் வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளே ஓடி அடித்துளைகளில் வடிகிறது. டோர் பேடுக்குப் (கதவின் உட்புற அட்டைக்குப்) பின்னால் ஒட்டியிருந்த பாலித்தீன் ஷீட்டைக் கிழித்து எறிந்துவிட்டால், அந்த ஈரம் சுவிட்சுக்கும் கால்மிதிக்கும் வந்து சேரும்.

கப்ளர் கிட் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தீர்க்கிறது. காரின் வயரை வெட்டுவதில்லை, விற்கும்போது கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம், பி.சி.எம். உள்ள காரில் சுவிட்சின் சைகையை இடைமறித்துக் கொடுக்கும் மாட்யூல்களும் இந்த வடிவில்தான் வருகின்றன. ஆனால் கப்ளர் உள்ளே போகிறது என்பதற்காகப் பின் வரிசை பொருந்திவிட்டது என்று பொருளல்ல. ஒரே கப்ளர் கூட்டைக் கப்ளர் தயாரிப்பாளர்கள் பல கார் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். ஒரே மாடலிலும் ஃபேஸ்லிஃப்டுக்கு முன்னும் பின்னும் பின்கள் இடம் மாறியிருக்கலாம். மின்சார சைடு மிரர் உள்ள வேரியன்ட்டில் கூடுதல் பின்கள் வேறு வேலை செய்யலாம். ஆகவே மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், தயாரிப்பு மாதமும் ஆண்டும் வேரியன்ட்டும் சொல்லி வாங்க வேண்டும். மாட்டுவதற்கு முன், காரின் கப்ளரில் 12 வோல்ட் வரும் பின்னும் எர்த் பின்னும் கிட்டின் கப்ளரில் அதே இடங்களில் இருக்கின்றனவா என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு பின்கள் சரியாக இருந்தால் மீதி பிழை எதுவும் புகையாக மாறுவது அரிது.

மலிவான கப்ளர் கிட்களில் பின்னைப் பிடித்து நிறுத்தும் சிறு நாக்கு வலுவாக இருப்பதில்லை. செருகும்போது எதிர்ப்பின் தள்ள, இது பின்வாங்கிக்கொள்ளும். வெளியே எல்லாம் சரியாகத் தெரியும், உள்ளே தொடர்பு இருக்காது. வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். கையோடு வருகிற வயர் இருந்தால் அந்தக் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ரிமோட்டில் பூட்டியவுடன் நான்கு கண்ணாடிகளையும் தானாக ஏற்றும் மாட்யூல் இந்த வகையில் நன்றாக விற்கிறது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தானாக ஏறும் கண்ணாடி இடையில் ஏதேனும் சிக்கினால், 100 நியூட்டன் விசையைத் தாண்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதே அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 118 விதியும் ஐ.நா.வின் 21-ஆம் விதிமுறையும் வைத்திருக்கும் எல்லை. கம்பெனி ஆட்டோ கண்ணாடிகளில் மோட்டாரின் சுழற்சியை எண்ணும் சென்சார் இதற்காகவே இருக்கிறது. இரண்டு வயர் மோட்டாரில் கூடுதலாகப் போட்ட மாட்யூல், மின்னோட்டம் எகிறும்போது நிறுத்துவதோடு சரி. அதற்குள் ஒரு சிறு கை நசுங்கிவிடலாம்.

கம்பெனிப் பாகங்கள் என்ற மூன்றாவது வழியில், பொருந்துமா என்ற ஐயம் இயந்திரப் பாகங்களைப் பொறுத்தவரை இல்லை. மேல்நிலை வேரியன்ட்டின் ரெகுலேட்டர் (கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு), மோட்டார், லாட்ச் (கதவின் பூட்டு), சுவிட்ச் எல்லாம் கீழ்நிலைக் கதவின் அதே துளைகளில் உட்காருவதே வழக்கம். சிக்கல் வயர்க்கட்டில். சில மாடல்களில் கீழ்நிலை வேரியன்ட்டுக்கும் பாடி வயர்க்கட்டு முழுமையாகவே வந்து, கதவருகே பயன்படாத கப்ளர் ஒன்று டேப் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும், அப்படியானால் அதிர்ஷ்டம். பல மாடல்களில் வயரே இருக்காது. டாஷ்போர்டை இறக்கி முழு வயர்க்கட்டையும் மாற்றுவதற்கான கூலி, பாகங்களின் விலையைத் தாண்டிவிடும். பி.சி.எம்.மை மாற்ற வேண்டிய காராக இருந்தால் கதை இன்னும் நீளும்: இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை இயங்கவிடாத திருட்டுத் தடுப்பு) அதனோடு பிணைந்த கார்களில், வேறு காரிலிருந்து கழற்றிய பி.சி.எம்.மைப் போட்டால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. ஸ்கேன் கருவியில் கோடிங் செய்த பிறகுதான் வழிக்கு வரும். புதுப்பேட்டையில் பி.சி.எம். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்குபவர் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏர்பேக் உள்ள கார்கள் பலவற்றில், மோதல் நேர்ந்தவுடன் கதவுகளைத் தானாகத் திறந்துவிடும்படி கம்பெனி அமைப்பு ஏர்பேக் மாட்யூலிலிருந்து சைகை பெறுகிறது. யுனிவர்சல் கிட்டுக்கு இந்தச் சைகை போவதில்லை. ஏர்பேக் இல்லாத பழைய காருக்கு இது இழப்பல்ல. புதிய காருக்கு இது பெரிய இழப்பு.

இந்த மூன்றையும் தனித்தனித் தேர்வுகளாகவே பார்க்க வேண்டும் என்பதில்லை. மோட்டார் மின்னோட்டம் நேராக ஓடும் முதல் வகைக் காருக்கு என் தேர்வு ஒரு கலவை: ரெகுலேட்டரும் மோட்டாரும் சுவிட்சும் கம்பெனிப் பாகமாக, நல்ல நிலையில் இருந்தால் பழையதாகவே வாங்கலாம்; வயர்க்கட்டு மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டரில் புதிதாக, ரிலேயோடும் தனி ஃபியூஸோடும் செய்யப்பட்டு, கம்பெனி ரப்பர் பூட்டின் வழியாகவே கதவுக்குள் போக வேண்டும். பில்லரிலுள்ள கப்ளரில் காலிக் குழிகள் இருந்தால், அதற்குரிய பின்னை வாங்கி கிரிம்ப் செய்து அந்தக் குழிகளிலேயே நுழைக்கலாம். கதவைக் கழற்றும் நாளில் இதன் அருமை தெரியும். அந்தக் குழியின் பின் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பதை அதன் அகலத்தைக் கொண்டு பார்க்க வேண்டும். சைகைக்கான மெல்லிய பின்னில் மோட்டார் வயரை ஏற்றினால் கப்ளர் உருகும். பூட்டுக்கு யுனிவர்சல் ஆக்சுவேட்டர்களே போதும்.

பி.சி.எம். சைகை வகைக் காரில், சென்ட்ரல் லாக் ஏற்கெனவே இருந்து ரிமோட் மட்டும் வேண்டுமென்றால், பின் வரிசை சரிபார்க்கப்பட்ட கப்ளர் கிட் முதலிடம். அது கிடைக்காதபோது இரண்டு சைகை வயர் இணைப்பு. லின், கேன் வகைக் காரில் யுனிவர்சல் கிட்டுக்கு இடமே இல்லை. கதவு வயரில் ஓடுவது டேட்டா என்ற ஐயம் வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த முறுக்கிய இரட்டை வயருக்கு இடையே ஓம் அளவு பாருங்கள். அதிவேக கேன் என்றால் இரு கோடியிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாகச் சேர்ந்து சுமார் 60 ஓம் காட்டும். அந்தக் காரை டீலரின் ஜெனுயின் ஆக்சஸரீஸ் பிரிவிடம் விட்டுவிடுவதே சரி. வாரன்டி மிச்சமிருக்கும் கார் எந்த வகையானாலும் வயரை வெட்டும் எந்த வழியும் வேண்டாம். பின்னாளில் வேறு மின்பழுது வந்தாலும் அந்த ஒட்டைக் காட்டியே கோரிக்கையை மறுக்க இடம் கொடுத்துவிடுவோம்.

வேலை முடிந்ததும், டோர் பேடை மூடுவதற்கு முன்பே இரண்டு சோதனைகளைச் செய்துவிட வேண்டும். எல்லாக் கதவுகளையும் பூட்டி, பேட்டரி முனையைக் கழற்றி, உள்ளே ஒருவர் அமர்ந்து பூட்டுக்குமிழைக் கையால் விடுவித்து ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்க வேண்டும். மின்சாரம் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்க வழி இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 145 என்ற தரத்தின்படி 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். பழைய காருக்கு அந்தக் கட்டாயம் இல்லையென்றாலும், ஆக்சுவேட்டரின் தண்டு கோணலாகப் பொருத்தப்பட்டு இந்த வழியை அடைத்துவிடுவது அதே பழைய கார்களில்தான் நடக்கிறது. தண்டு இறுகினால் ஆக்சுவேட்டரைப் பூட்டுக்கம்பியின் போக்குக்கு இணையாகத் திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நின்ற காரின் மின்கசிவு. பேட்டரியின் எதிர் முனையைக் கழற்றி இடையில் அம்மீட்டரை வைத்து, கதவுகளைப் பூட்டி, பி.சி.எம். இருந்தால் அது உறங்கும் வரை காத்திருந்து படிக்க வேண்டும். புதிய மாட்யூல் 20 மில்லி ஆம்பியர் மட்டுமே இழுத்தாலும் 30 நாளில் 14.4 ஆம்பியர் மணி போய்விடும். சின்னக் கார்களில் வழக்கமான 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு இது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. மொத்த அளவு 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், புதிய மாட்யூலின் ஃபியூஸை உருவிப் பார்த்து, அளவு இறங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம். மாதக்கணக்கில் காரை நிறுத்திவைப்பவர் இந்தச் சோதனைக்குப் பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

கூடவே எலெக்ட்ரீஷியனிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கப்ளரில், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து, எந்த எண் பின்னில், எந்த நிற வயர், எதற்காகச் சேர்க்கப்பட்டது. புது ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர். ரிலே எங்கே கட்டப்பட்டிருக்கிறது. பத்து வரிகளுக்கு மேல் வராது. அதை லேமினேட் செய்து ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்தால், அடுத்து அந்தக் கதவைத் திறக்கப்போகும் மெக்கானிக் டேப்பை உரித்துத் தேட வேண்டியிராது.